மருந்து என்னும் நஞ்சு: களைக்கொல்லியும் நாயின் மூச்சும்



இந்தச் சொற்பொழிவு வரிசையில் இலக்கணமும் இலக்கியமும் கலைச்சொல்லாக்கமும் பலமுறை பேசப்பட்டுள்ளன. இன்றைய அழைப்பிதழில் நாயையும் களைக்கொல்லியையும் கண்டவர்கள், மொழிமன்ற மேடையில் இவற்றுக்கு என்ன வேலை என்று வியந்திருக்கக்கூடும். அந்த வியப்பு நியாயமானதே. நாம் கால்நடை மருத்துவம் கற்றவர் அல்லோம்; சொற்களை ஆராய்ந்து ஓய்வு பெற்றவர். ஆயினும் ஒரு சொல் ஓர் உயிரின் மூச்சோடு தொடர்புடையதாக இருந்ததை இளமையில் கண்டோம். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று பேச வந்துள்ளோம். அச்சொல் 'மருந்து'.

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் உளப்படுத்துவது 'நாம்'. கேட்பவரை நீக்கி நிற்பது 'நாங்கள்'. இவ்வுரையில் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களின் கதையைச் சொல்லும்போது 'நாங்கள்' என்போம். அதிலிருந்து பெறவேண்டிய முடிவைச் சொல்லும்போது 'நாம்' என்போம். முடிவு நம் அனைவருக்கும் உரியது.

1. ஒரு தகரக் குவளை

1972ஆம் ஆண்டு. பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். எங்கள் அப்பா பால்மரம் வெட்டினார். எங்கள் அம்மா மற்றப் பெண்களோடு சேர்ந்து, முதுகில் பம்பைச் சுமந்து, மரவரிசைகளுக்கு இடையே புல்லுக்குத் தெளிக்கும் வேலை செய்தார். அந்த வேலைக்கு லயத்தில் வழங்கிய பெயர் 'மருந்தடிக்கிற வேலை'. வீட்டில் 'மணி' என்றொரு நாய் இருந்தது. செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். விடியலில் அம்மா பெரட்டுக்குப் புறப்படும்போது பெரட்டுக்களம்வரை துணைக்குப் போய்த் திரும்பும்.

மாரியம்மன் திருவிழா நெருங்கியது. லயத்தின் பின்புறம் லாலாங் புல் மண்டிக் கிடந்தது. அதனை அழிப்பதற்காக அப்பா ஒரு சார்சி போத்தலில் கொஞ்சம் 'மருந்து' கொண்டுவந்தார். அக்காலத்தில் அது கரும்பழுப்பு நிறத்தில் இருக்கும். சார்சி போத்தலில் ஊற்றினால் சார்சியாகவே தோன்றும். அளப்பதற்குக் கையில் அகப்பட்ட தகரக் குவளையை எடுத்தார். அது மணிக்குக் கஞ்சி ஊற்றும் குவளை.

மாலையில் கஞ்சி ஊற்றப் போன எங்களுக்கு, குவளையில் ஏதோ நெடி அடித்தது. அப்பாவிடம் கேட்டோம். "மருந்து அளந்தது. கவுத்து வச்சிட்டேன், ஒன்னும் இல்ல" என்றார். மருந்து என்றதும் எங்களுக்கு ஐயம் தீர்ந்துவிட்டது. அடியில் ஒரு தேக்கரண்டி அளவு தேங்கி நின்றதை யாரும் பார்க்கவில்லை. அந்தக் குவளையில் கஞ்சி ஊற்றியவை எங்கள் கைகள்.

அன்றிரவே மணி வாந்தி எடுத்தது. மறுநாள் காலை அதன் வாயிலிருந்து எச்சில் ஒழுகிற்று. நாக்கு புண்ணாகிச் சிவந்திருந்தது. அப்பா அதைச் சாக்கு விரித்த பெட்டியில் வைத்துச் சைக்கிளில் கட்டி, பட்டணத்தில் விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த பணியாளர்க்குத் தமிழ் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்தது சந்தை மலாய். தமிழில் எண்ணியதை அவர் அப்படியே மலாயில் வைத்தார். 'அஞ்சிங் மாக்கான் ஊபாட்' என்றார். நாய் மருந்து சாப்பிட்டுவிட்டது என்பது பொருள். என்ன மருந்து என்று பணியாளர் கேட்டார். 'ஊபாட் ரும்புட்' என்றார் அப்பா. எங்கள் வழக்கில் அது புல்லுக்கு அடிக்கும் மருந்து. கேட்டவரோ புல்பூண்டிலிருந்து செய்த நாட்டு மருந்து என்று விளங்கிக்கொண்டார். வயிற்றுக்கு ஒரு பொடி கொடுத்து அனுப்பினார். அவர்மீது குற்றமில்லை. அவர் காதில் விழுந்த சொல்லுக்கு அவர் செய்தது சரியான வைத்தியம்.

மூன்றாம் நாள் மணி சுருண்டு படுத்திருந்தது. நான்காம் நாள் தலையைத் தூக்கி வாலை ஆட்டிற்று, தண்ணீர் குடித்தது. "தேறிடுச்சு" என்றார்கள் பக்கத்து வீட்டார். ஐந்தாம் நாள் மூச்சு மாறியது. படுக்க மறுத்தது. முன்கால்களை அகற்றி வைத்து, கழுத்தை நீட்டி, ஒவ்வொரு மூச்சையும் வயிற்றால் இழுத்தது. ஏழாம் நாள் விடிவதற்கு முன் இறந்தது.

2. உடலுக்குள் நடந்தது என்ன?

அந்தக் களைக்கொல்லியின் பெயர் பாராகுவாட் என்பதைப் பின்னாளில் அறிந்தோம். அது உலகச் சந்தைக்கு வந்தது 1962ஆம் ஆண்டில். அதற்கு முன் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் சோடியம் ஆர்சனைட் என்னும் ஆர்செனிக் நஞ்சு களையழிக்கப் பயன்பட்டது. அதனோடு ஒப்பிடுகையில் புதிய சரக்கு பெரிய முன்னேற்றமாகக் கருதப்பட்டது. பச்சை இலையில் பட்டால் சில மணி நேரத்தில் இலை வாடும். மண்ணில் விழுந்தால் களிமண் துகள்கள் அதனை இறுகப் பற்றிச் செயலிழக்கச் செய்துவிடும். மண்ணுக்குத் தீங்கில்லை என்று மெச்சப்பட்ட அந்தச் சரக்கு, விழுங்கிய உயிருக்கு மிகக் கொடியது.

நுரையீரலின் நுண்ணறைச் செல்கள் தமக்குத் தேவையான பாலிஅமைன் என்னும் சில பொருள்களை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் இயல்புடையவை. பாராகுவாட்டின் மூலக்கூறு வடிவில் அப்பொருள்களை ஒத்திருக்கிறது. ஆகவே நுரையீரல் ஆள்மாறாட்டத்தை உணராமல் நஞ்சைத் தானே உள்ளே அழைத்துச் சேர்த்துவைக்கிறது. இரத்தத்தில் இருப்பதைவிடப் பன்மடங்கு அங்கே திரள்கிறது. உள்ளே சென்றபின் அது ஓர் எலக்ட்ரானைப் பெற்று ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. மீண்டும் பெற்று மீண்டும் கொடுக்கிறது. எலக்ட்ரானைப் பெற்ற ஆக்சிஜன், செல்லின் சவ்வைச் சிதைக்கும் பொருளாக மாறுகிறது. நஞ்சு தீர்ந்துபோவதில்லை, சுழன்றுகொண்டே இருக்கிறது. நுண்ணறைகள் அழிந்து, நீர் கோத்து, பிழைத்திருந்தால் தழும்பேறி இறுகிவிடுகின்றன.

இதனால்தான் மூச்சுத்திணறும் நாய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் ஆக்சிஜனை, இந்த நஞ்சில் மட்டும் மருத்துவர்கள் மிகத் தயங்கி, வேறு வழியில்லாதபோதே கொடுக்கிறார்கள். ஆக்சிஜன் அந்த நெருப்புக்கு விறகாகிறது. ஆகவே 'மூச்சு முட்டுகிறது' என்ற செய்தி மட்டும் மருத்துவருக்குப் போதாது. 'எதனால்' என்ற பெயரும் வேண்டும். பெயர் தவறினால் நன்மை செய்யும் கை தீமை செய்துவிடும்.

நான்காம் நாளின் அந்தத் தேற்றமும் பொய்த்தேற்றமே. நாய்களில் முதலில் வாந்தியும் வாய்ப்புண்ணும் தோன்றும், சிறுநீரகம் பழுதாகலாம், பிறகு இரண்டு மூன்று நாள் முதல் ஒரு வாரத்துக்குள் மூச்சு மோசமாகும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. உண்ட சில மணி நேரத்துக்குள் கரித்தூளோ, உறிஞ்சும் களிமண் வகையோ கொடுத்துக் குடலிலேயே நஞ்சைப் பிடித்து நிறுத்துவதுதான் இருக்கும் சிறு வாய்ப்பு. மணிக்கு அந்தச் சில மணி நேரத்தில் பாதி இரவில் கழிந்தது. மீதி ஒரு சொல்லில் கழிந்தது. சரியான சொல் கிடைத்திருந்தால் மணி பிழைத்திருக்கும் என்று நாம் கூறவில்லை. வாய்ப்பு என்று ஒன்று இருந்திருக்கும், அவ்வளவே.

3. மருந்து என்னும் சொல்லின் வழி

இனி நம் துறைக்கு வருவோம். நஞ்சை மருந்து என்று எங்கள் தோட்டத்து மக்கள் அழைத்தது அறியாமையாலா? அல்ல. அதில் மொழியின் ஒழுங்கு ஒன்று இருக்கிறது.

காய்ச்சல் மருந்து, இருமல் மருந்து என்கிறோம். இவை காய்ச்சலுக்கு மருந்து, இருமலுக்கு மருந்து என விரியும் தொகைகள். 'கு' உருபு ஏற்ற நான்காம் வேற்றுமைக்கு இலக்கண நூலார் கூறும் பொருள்களுள் பகை என்பதும் ஒன்று. காய்ச்சலுக்குப் பகையானது காய்ச்சல் மருந்து. இதே வாய்பாட்டில் எலிக்குப் பகையானது எலி மருந்து. பூச்சிக்குப் பகையானது பூச்சி மருந்து. புல்லுக்குப் பகையானது புல் மருந்து. வேண்டாத ஒன்றை விலக்க வல்ல பொருள் மருந்து என்பதே இச்சொல்லின் அகன்ற பொருள். துப்பாக்கியில் இடும் வெடிமருந்தும், ஒருவரை வசப்படுத்த இடுவதாக நம்பப்பட்ட இடுமருந்தும் இந்தப் பரப்புக்குள் அடங்கும்.

இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. பழைய கிரேக்க மொழியில் 'ஃபார்மகோன்' என்னும் ஒரே சொல் மருந்தையும் நஞ்சையும் குறித்தது. மலாயில் 'ஊபாட்' என்பது மருந்து. 'ஊபாட் ஞாமுக்' என்பது கொசுவத்தி. 'ஊபாட் பெடில்' என்பது வெடிமருந்து. தமிழும் மலாயும் இவ்விடத்தில் ஒரே தடத்தில் நடக்கின்றன.

ஆனால் இந்தத் தொகையில் ஒரு பள்ளம் உண்டு. உருபு மறைந்து நிற்பதால், நான்காம் வேற்றுமையின் பொருள் பகையா, பொருட்டா என்பதைச் சொல் காட்டாது. 'குழந்தை மருந்து' என்றால் குழந்தையின் பொருட்டு. 'எலி மருந்து' என்றால் எலிக்குப் பகை. இரண்டையும் பிரித்தறிவது நம் உலக அறிவேயன்றி இலக்கணம் அன்று. 'பூச்சி மருந்து' என்ற தொடரை எண்ணிப் பாருங்கள். வயிற்றுப் பூச்சிக்காகப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் பூச்சி மருந்து. நாய்க்குட்டிக்கு மருத்துவர் கொடுப்பதும் பூச்சி மருந்து. செடிக்குத் தெளிப்பதும் பூச்சி மருந்து. ஒரே அலமாரியில் இம்மூன்றும் இருக்கும் வீடுகள் உண்டு.

லயத்தில் வாழ்ந்த பெரியவர்களுக்கு இதனால் குழப்பம் இல்லை. அடிக்கிற மருந்து வேறு, குடிக்கிற மருந்து வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். சூழல் சொல்லுக்குக் காவலாக நின்றது. அந்தக் காவல் மூன்று இடங்களில் இல்லாமற்போகிறது. ஒன்று, கேட்பவர் சிறுவராக இருக்கும்போது. இரண்டு, சொல் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கடக்கும்போது. மூன்று, பொருள் தன் கலத்தைவிட்டு வேறு கலத்துக்கு மாறும்போது. எங்கள் வீட்டில் இம்மூன்றும் இரண்டு நாளில் நிகழ்ந்தன.

மூன்றாவதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கடையில் வாங்கும் கலத்தில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருக்கும். அந்த நீர்மத்தைச் சார்சி போத்தலுக்கு மாற்றினால் சீட்டு பழைய கலத்தோடு தங்கிவிடும். நீர்மத்தோடு கூடப் போவது மக்கள் வாயில் வழங்கும் பெயர் ஒன்றே. அந்தப் பெயரே எச்சரிக்கையாக இல்லையெனில், வேறு எச்சரிக்கை இல்லை. இதனை உணர்ந்தே, பிற்காலத்தில் பாராகுவாட் தயாரிப்புகளில் நீலச் சாயமும் கெட்ட நெடியும் வாந்தியூட்டும் பொருளும் சேர்க்கப்பட்டன. நீர்மத்தின் நிறத்தை மாற்றினார்கள். நாமோ பெயரை மாற்றவில்லை.

4. மூச்சுக்குரிய சொற்கள்

நாயின் மூச்சைப் பற்றிப் பேசும்போதும் இத்தகைய மயக்கம் உண்டு. வெயிலில் ஓடிவந்த நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. இரைத்துத்தான் உடல் வெப்பத்தைத் தணிக்கிறது. அது நோயன்று. 'நாய் மாதிரி இளைக்கிறது' என்று மனிதரைச் சொல்லுமளவுக்கு இளைப்பு நாயின் இயல்பாகவே நம் வழக்கில் பதிந்துவிட்டது. ஆகவே நஞ்சுண்ட நாயைக் காட்டி 'நாய் இளைக்கிறது' என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் திடுக்கிட மாட்டார். போதாக்குறைக்கு 'இளைத்தல்' என்பதற்கு மெலிதல் என்ற பொருளும் உண்டு. நாய் இளைத்துவிட்டது என்றால் மெலிந்துவிட்டதா, மூச்சு வாங்குகிறதா என்பது தெளிவில்லை.

தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. இரைப்பு என்கிறோம், மூச்சுவாங்குதல் என்கிறோம், மூச்சுமுட்டல், மூச்சுத்திணறல், மேல்மூச்சு என்கிறோம். வேகமான மூச்சு ஒன்று. வருந்தி இழுக்கும் மூச்சு மற்றொன்று. இரைக்கும் நாய் வாயைத் திறந்து, உடல் தளர்ந்து, நிழலில் சற்று நேரத்தில் அடங்கிவிடும். திணறும் நாய் நிழலிலும் அடங்காது, படுக்காது, முழங்கைகள் வெளியே தள்ளி நிற்கும், வயிறு உள்வாங்கி எழும், ஈறு இளஞ்சிவப்பு மாறி நீலம் பாயும். அயர்ந்து உறங்கும் நாயின் மூச்சை எண்ணினால் நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். உறக்கத்திலும் அதற்குமேல் தொடர்ந்து ஓடினால் அது இரைப்பன்று.

'தேறிடுச்சு' என்ற சொல்லையும் எண்ணிப் பார்க்கலாம். வாந்தி நின்றதைக் கண்டு நாங்கள் தேறியது என்றோம். வாந்தி நின்றது என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். கண்டதைச் சொல்வது ஒரு வகை. கண்டதிலிருந்து கருதியதைச் சொல்வது மற்றொரு வகை. நோயைப் பற்றி மருத்துவரிடம் பேசும்போது முதல் வகையே உதவும்.

5. பெயரை மாற்ற இயலுமா?

மக்கள் வழக்கை மாற்ற மொழியறிஞர்க்கு உரிமை உண்டா என்று நம் மாணவர்கள் கேட்பதுண்டு. வழக்கைப் பதிவுசெய்வதே நம் தொழில் என்று வகுப்பறையில் கற்பித்துவந்தோம். இன்றும் அதில் மாற்றமில்லை. ஆயினும் நம் கண்முன்னே ஒரு சான்று உள்ளது. அன்றாட மலாய் வழக்கில் ஊபாட் என்ற சொல் எவ்வளவு பரவலாக இருப்பினும், நம் நாட்டுச் சட்டம் அச்சொல்லை ஏற்கவில்லை. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் 'அக்தா ராச்சுன் மக்லுக் பெரோசாக்'. 'ராச்சுன்' என்றால் நஞ்சு. களைக்கொல்லிக்கு மலாயில் 'ராச்சுன் ரும்பாய்' என்பது பெயர். களை நஞ்சு என்று பொருள். சட்டம் ஒரு சொல்லைத் தேர்ந்தது; அது அலுவலகத்திலிருந்து கடைக்கும், கடையிலிருந்து வயலுக்கும் சென்றது. வழக்கு தானாகவும் மாறும், தேர்ந்தும் மாற்றப்படும்.

தமிழில் நாம் ஆக்கிய சொல் 'களைக்கொல்லி'. நல்ல சொல், கொல்லி என்னும் விகுதிப்பெயர் பொருளை மறைக்கவில்லை. ஆனால் அது பாடநூலில் இருக்கிறது. பம்பு சுமந்தவர் வாயில் இல்லை. அச்சொல்லிலும் ஒரு குறை உண்டு: கொல்லப்படுவது களை மட்டுமே என்பதுபோல் அது ஒலிக்கிறது. 'ராச்சுன்' யாருக்கும் விலக்கு அளிக்கவில்லை.

நஞ்சு என்பதா, விஷம் என்பதா என்ற கேள்வி இம்மன்றத்தில் எழும். நஞ்சு திராவிட மொழிகளில் பரவலாகக் காணப்படும் பழஞ்சொல், விஷம் வடசொல். தூய தமிழில் நமக்குள்ள பற்று அனைவரும் அறிந்ததே. எனினும் இவ்விடத்தில் ஒரு சிறுவன் எச்சொல்லைக் கேட்டால் கையை இழுத்துக்கொள்வான் என்பதே அளவுகோல். எழுத்தில் நஞ்சு என்போம். வீட்டில் விஷம் என்றாலும் தாழ்வில்லை. மருந்து என்று மட்டும் சொல்ல வேண்டா.

பாராகுவாட்டுக்கு நம் நாட்டில் 2002இல் தடை அறிவிக்கப்பட்டது; 2006இல் அது தளர்த்தப்பட்டது; இறுதியாக 2020 ஜனவரி 1 முதல் முழுத்தடை நடப்புக்கு வந்தது. ஆகவே இப்பேச்சு பழங்கதை என்று கருத வேண்டா. வேறு களைக்கொல்லிகள் வந்துள்ளன. நுரையீரலைப் பாராகுவாட் அழிப்பதுபோல் அவை அழிப்பதில்லை. ஆயினும் தீங்கற்றவை அல்ல. எடுத்துக்காட்டாக 2,4-டி என்னும் களைக்கொல்லியைச் சொல்லலாம். நாயின் சிறுநீரகம் அவ்வகை அமிலங்களை மெதுவாகவே வெளியேற்றும். ஆதலால் மற்ற விலங்குகளைவிட நாயின் உடலில் அது நீண்டநேரம் தங்கும். தெளித்த புல்லில் நடந்து, பின் பாதத்தை நக்குவது நாயின் இயல்பு. பெயர் மட்டும் எல்லாவற்றுக்கும் அதுவே: 'மருந்து அடிச்சிருக்கு'.

6. செய்யத்தக்கவை

இம்மன்றத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, நம் பள்ளிப் பாடங்களிலும் வானொலியிலும் நாளிதழ்களிலும் உயிர்கொல்லும் பொருள்களுக்கு மருந்து என்று எழுதுவதை நிறுத்துவோம். எலி நஞ்சு, பூச்சி நஞ்சு, களை நஞ்சு என்று வாய்பாடு மாறாமல் எழுதலாம். நாவுக்கு இடறல் இல்லை.

இரண்டாவது, அகராதி செய்வோர் மருந்து என்னும் பதிவில் இந்தப் பொருளைத் தனியே பிரித்து, மயக்கம் தரும் வழக்கு என்று குறிக்க வேண்டும். வழக்கை மறைப்பது நம் நோக்கமன்று. அது இருந்ததைப் பதிவுசெய்வோம். அதன் ஆபத்தையும் பதிவுசெய்வோம்.

மூன்றாவது, இம்மன்றம் ஒரே ஒரு தாளைத் தமிழிலும் மலாயிலும் அச்சிட்டு வழங்க வேண்டும். விலங்கு மருத்துவரிடம் சொல்லவேண்டிய சில தொடர்கள் அதில் இருந்தால் போதும். எது உள்ளே போயிற்று: 'ராச்சுன் ரும்பாய்', களை நஞ்சு. எப்போது போயிற்று; எவ்வளவு போயிற்று. வாந்தி உண்டா, வாயில் புண் உண்டா. மூச்சு எப்படி: 'செசாக் நாஃபாஸ்', மூச்சுத்திணறல். அத்துடன், கலத்தையோ சீட்டையோ கையோடு கொண்டு செல்க என்று ஒரு வரி. வாந்தி வரவைக்க வீட்டில் முயலாமல் உடனே புறப்படுக என்று ஒரு வரி. அரிக்கும் நஞ்சு மேலேறும்போது தொண்டையை இன்னொரு முறை புண்ணாக்கும். மயிரில் பட்டிருந்தால் கையுறை அணிந்து சவர்க்காரமிட்டுக் கழுவுக என்று ஒரு வரி. மறுநாள் வாந்தி நின்றுவிட்டாலும் திரும்பக் கொண்டுபோய்க் காட்டுக என்பது கடைசி வரி.

இவ்வளவும் நாய்க்காகவா என்று யாரேனும் கேட்கலாம். நாய்க்காகவும்தான். நம் வீட்டில் உண்டு, நம் வாசலைக் காத்து, தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வாயில்லாத உயிர் அது. அதன்பொருட்டுப் பேசுவோரின் சொல் திருந்தியிருக்க வேண்டும். மேலும், அதே குவளையை எட்டும் உயரத்தில்தான் எங்கள் தங்கையும் இருந்தாள்.

7. அம்மாவின் சொல்

மணியை லயத்தின் பின்னால், அழிக்கப்படாமல் எஞ்சிய லாலாங் புல்லின் ஓரத்தில் அப்பா புதைத்தார். அதைப் பற்றி அவர் பின்னர்ப் பேசியதில்லை. அன்று மாலை அம்மா வேலையிலிருந்து வந்து, கைகளை நெடுநேரம் கழுவினார். அவர் விரல் நகங்கள் வெளுத்துப் பிளந்திருந்தன. சில நாள்களில் மூக்கிலிருந்து இரத்தம் வரும். உடம்புச் சூடு என்று அதுவரை அனைவரும் எண்ணியிருந்தோம். பாராகுவாட் தெளிப்போர்க்கு இவை வருவதுண்டு என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே படித்தறிந்தோம்.

மறுநாள் விடியலில் பெரட்டுக்குப் புறப்பட்டபோது, எங்கே போறே என்று தங்கை வழக்கம்போலக் கேட்டாள். "வெசம் அடிக்கப் போறேன்" என்றார் அம்மா. பெரட்டுக்களத்திலும் அப்படியே சொன்னார். கங்காணி கடிந்துகொண்டார், மற்றவர்களைப் பயமுறுத்தாதே என்றார். அம்மா சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. கூலி வேண்டியிருந்ததால் வேலையை விடவும் இயலவில்லை. ஆனால் வேலை உடுப்பை வீட்டுக்கு வெளியே அவிழ்த்துத் தனிவாளியில் போட்டார். கை கழுவாமல் எங்களைத் தொடவில்லை. அந்தப் போத்தல்கள் வீட்டுப்படி ஏறவில்லை. கொஞ்ச நாளில் அந்த வரிசை வீடுகளில் இன்னும் இரண்டு மூன்று பெண்கள் வெசம் என்று சொல்லத் தொடங்கினர். அவர்கள் வீட்டு வாசலிலும் தனிவாளி தோன்றியது.

பிற்காலத்தில் நாம் பல்கலைக்கழகத்தில் சொற்பொருள் மாற்றம் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்தினோம். ஒரு சொல்லின் மாற்றம் தொடங்கிய நாளையும் தொடங்கியவரையும் நேரில் கண்டது அந்த ஒருமுறைதான். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் ஒரு பொருளுக்கு அதன் உண்மைப் பெயரை இட்டார். அதன்பின் அந்த வீட்டின் நடைமுறை மாறியது. அன்று எங்கள் அம்மா தனியாகச் செய்ததை இன்று நாம் அனைவரும் சேர்ந்து செய்ய இயலும். இந்த வேண்டுகோளோடு உரையை நிறைவு செய்கிறோம்.